தீப்புண்ணுக்குப் பத்தியம் கூடாது

முட்டை, மீன் கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும் என்று பயந்து, தீக்காயம் பட்டவருக்குக் கஞ்சியும் ரசம் சாதமுமே கொடுத்துவரும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அக்கறையில்தான் செய்கிறார்கள். ஆனால் புண் ஆறுவதற்கு வேண்டிய சரக்கையே அது தடுத்துவிடுகிறது.

உடல் பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் வெந்துபோனால், அசையாமல் படுத்திருந்தாலும் உடல் செலவிடும் ஆற்றல் வழக்கத்தைவிட ஏறக்குறைய இரு மடங்காகலாம். அட்ரினலின், கார்ட்டிசால் சுரப்புகள் எகிறித் தசையைக் கரைக்கத் தொடங்கும். சாப்பாட்டில் போதிய புரதம் வராவிட்டால், புண்ணை மூட வேண்டிய புரதம் கை கால் சதையிலிருந்துதான் போகும்.

பெரியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1.5 முதல் 2 கிராம் புரதம் தினமும் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் அதில் பாதிகூடத் தேறாது. வேகவைத்த முட்டை, மீன், கோழி, பால், பயறு, நிலக்கடலை என்று கலந்து, சிறிது சிறிதாகப் பல வேளை கொடுத்தால்தான் கணக்கு நேராகும்.

நம் கடலோர ஊர்களின் புழுக்கம் இன்னொரு சிக்கல். மேல்தோல் போன இடத்தில் நீர் தடையின்றி ஆவியாகிறது. ஆழமாக வெந்து ஆறிய தழும்பில் வியர்வைச் சுரப்பிகள் இருப்பதில்லை; மீதித் தோலில் சுரக்கும் வியர்வையும் ஈரக் காற்றில் எளிதில் உலராது. உடல் சூடு தணிய வழியில்லாமல் போகிறது. நீரோடு உப்பும் வெளியேறுவதால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். எதை, எவ்வளவு குடிப்பது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

மூக்குக் குழாய் வழியே உணவு போகிறவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. மிக்ஸியில் அரைத்த பால், பருப்புக் கலவை வெயில் காலத்தில் சீக்கிரம் புளித்துவிடும். பச்சை முட்டையை அதில் கலக்கவே கூடாது. அந்தந்த வேளைக்குத் தயாரித்து, மீந்ததைக் கொட்டிவிடுங்கள். புண்ணைக் காப்பாற்றிவிட்டு வயிற்றுப்போக்கில் நோயாளியைத் தவிக்கவிடுவது பெருங்கொடுமை.

பெரிய காயங்களில் இந்தக் கூடுதல் ஆற்றல் செலவு ஒரு வருடத்துக்கு மேலும் நீடிக்கலாம். அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.