எலும்பிலிருந்து தொடங்கிய டொக்டர்கள்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் கல்முனையிலிருந்து கோமாரி, பொத்துவில் வரைக்கும் உயிரியல் பிரிவு எடுத்த பிள்ளையிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: மெடிசின் கிடைக்குமா? வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே இசட் புள்ளி நின்றுவிட்டால், கொழும்பில் யூனானியோ திருகோணமலையிலோ யாழ்ப்பாணத்திலோ சித்தமருத்துவமோ கிடைத்த செய்தி வீட்டுக்கு வெளியே போவதே இல்லை. பட்டத்தின் காலமோ குறைவில்லை. எம்.பி.பி.எஸ். போலவே ஐந்து வருடம், அதன்மேல் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. ஆனாலும் ஒருவர் டொக்டர், மற்றவர் இரண்டாம் தரம் என்ற எண்ணம் உறுதியாக நிற்கிறது. ‘இரண்டாம் தரம்’ என்று ஒதுக்கப்பட்ட ஒரு வைத்தியக் கூட்டம் முழு டொக்டர்களாக மாறிய வரலாறு அமெரிக்காவில் உண்டு. அவர்கள் எதைக் கொடுத்து எதைப் பெற்றார்கள் என்று பார்த்தால், நம் பிள்ளைகளின் தயக்கத்தில் எது நியாயம், எது வெறும் கௌரவப் பிரச்சினை என்பது விளங்கும்.

அந்த வைத்தியத்தின் பெயர் ஒஸ்டியோபதி. அதைத் தொடங்கிய அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் மிசூரி, கன்சாஸ் பகுதிகளில் வைத்தியம் பார்த்தவர். 1864ல் மூளையுறைக் காய்ச்சல் அவருடைய பிள்ளைகள் மூவரைக் கொண்டுபோனது. அந்தக் காலத்து மருந்துகளில் பாதரசமும் அபினும் சாராயமுமே பிரதானம். அவற்றில் அவருக்கு நம்பிக்கை அற்றுப்போனது. எலும்பும் மூட்டும் தசையும் சரியான இடத்தில் இருந்து இரத்தம் தடையின்றி ஓடினால் உடல் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் என்று 1874ல் அறிவித்தார். 1892ல் கேர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் பள்ளி திறந்தார். நோயைக் கையால் தொட்டு அறிவதும் கையாலேயே திருத்துவதும் அங்கே பாடம், மருந்துக்கு இடமில்லை. நம் ஊர்களில் முறிவு நெரிவு பார்க்கும் பரிசாரியார்களுக்கு இதில் புதுமை எதுவும் தெரிந்திருக்காது. வித்தியாசம் என்னவென்றால், ஸ்டில் அதைப் பரம்பரைக்குள் வைத்திருக்காமல் வகுப்பறைக்குக் கொண்டுபோனார்.

வகுப்பறைக்குப் போனதால் மட்டும் மரியாதை வந்துவிடவில்லை. மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்த 1910ஆம் ஆண்டின் ஃபிளெக்ஸ்னர் அறிக்கை ஒஸ்டியோபதிப் பள்ளிகளையும் கடுமையாகச் சாடியது. அந்தப் பள்ளிகள் அதற்குக் கொடுத்த பதில்தான் இங்கே கவனிக்க வேண்டியது. உரிமை கேட்டுப் போராடியது ஒருபக்கம் இருக்க, பாடத்திட்டத்தை மாற்றினார்கள். மருந்தியல் உள்ளே வந்தது, ஆஸ்பத்திரிப் பயிற்சி நீண்டது. ஸ்தாபகர் வெறுத்த மருந்தை அவருடைய மாணவரின் மாணவர்கள் எழுதினார்கள். இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1962ல் கலிபோர்னியாவில் ஒஸ்டியோபதித் தரப்பும் வழமையான மருத்துவத் தரப்பும் இணைந்தபோது, 65 டொலர் கட்டிய ஒஸ்டியோபதி டொக்டர்கள் அங்கே வழமையான மருத்துவப் பட்டமான எம்.டி.யை வாங்கிக்கொண்டார்கள். ஒரே ஆள், ஒரே அறிவு, வேறு காகிதம்! அதைச் செய்ய மறுத்துத் தங்கள் பெயரிலேயே நின்றவர்களும் தோற்கவில்லை. 1973ல் மிசிசிப்பியும் இணங்கியதோடு ஐம்பது மாநிலங்களிலும் அவர்களுக்கு முழு உரிமை கிடைத்தது. 2020ல் எம்.டி.க்கும் டி.ஓ. எனப்படும் ஒஸ்டியோபதி டொக்டர் பட்டத்துக்கும் ஆஸ்பத்திரி மேற்பயிற்சி ஒரே அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டது. இன்று அமெரிக்காவில் மருத்துவம் படிப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் டி.ஓ. கல்லூரியில் படிக்கிறார்.

இங்கே நிலைமை வேறு. எம்.பி.பி.எஸ். முடித்தவர் இலங்கை மருத்துவ சபையில் பதிகிறார். சித்தமும் யூனானியும் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பதிவு ஆயுர்வேத மருத்துவ சபையில். இரண்டு சட்டம், இரண்டு சபை, இரண்டு ஆஸ்பத்திரி வரிசை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகப் பாலம் கிடையாது. படித்து முடித்தவர்கள் அரச நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்ததும் உண்டு. ஆகவே பெற்றோரின் கவலையை வெறும் பெருமைப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் குறை அந்தப் பாடத்துக்குள் இல்லை. தொக்கணம் என்று சித்தத்தில் ஒரு சிகிச்சை உண்டு: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என ஒன்பது வகையாகக் கையால் செய்வது. வர்மம் வேறு. யூனானியில் பிடித்துவிடுதலும் கிண்ணம் வைத்து உறிஞ்சும் ஹிஜாமாவும் இருக்கின்றன. ஸ்டில் தன் பள்ளியைத் தொடங்கியபோது கையிலிருந்த சரக்கைவிட இது எந்த வகையிலும் குறைவல்ல. அவர்களிடம் வந்து நம்மிடம் வராதது, நிகரான பரீட்சையும் பொதுவான ஆஸ்பத்திரிப் பயிற்சியும்தான்.

மருந்தியலையும் சத்திரசிகிச்சையையும் சேர்த்தால் சித்தம் சித்தமாக இருக்குமா என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி. அமெரிக்க அனுபவமே இந்த ஆபத்தைக் காட்டுகிறது: டி.ஓ. மாணவர்கள் கைச்சிகிச்சையை ஏறக்குறைய இருநூறு மணிநேரம் படித்தாலும், தொழிலுக்குப் போனபின் அதை அடிக்கடி செய்பவர்கள் குறைவு. பெயர் பிழைத்தது, கலை மெலிந்தது. ஆனால் மாறாமல் நின்றால் மட்டும் கலை பிழைக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பரிசாரியார் வீட்டுப் பிள்ளைகளே வேறு தொழிலுக்குப் போகும்போது, காப்பாற்றப்படுவது ஏடுதான், கை அல்ல.

கைச்சிகிச்சைக்கு ஆதாரம் எங்கே என்பது அடுத்த ஆட்சேபம். இதில் பூசி மெழுகக் கூடாது. மண்டையோட்டு எலும்புகளை மெல்ல அசைத்து நோய் தீர்ப்பதாகச் சொல்லும் ஒஸ்டியோபதிப் பிரிவுக்கு உறுதியான சான்று இல்லை; அதைக் கைவிடுவதே நல்லது. இடுப்பு வலியின் கதை வேறு. அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி 2017ல் வெளியிட்ட வழிகாட்டல், பெரும்பாலான இடுப்பு வலிக்கு முதலில் மருந்தில்லாச் சிகிச்சையை நாடச் சொன்னது. முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சையும் அந்தப் பட்டியலில் உண்டு, சான்று வலுக்குறைந்தது என்ற குறிப்போடு. இந்த எச்சரிக்கையான ஒப்புதல்கூடப் பரிசோதனைக்கு உட்பட்டதால் கிடைத்ததே. மருதமுனைத் தறியில் குனிந்திருப்பவரும் சாய்ந்தமருதில் தோணி தள்ளுபவரும் சம்மாந்துறை வயலில் நாற்று நடுபவரும் கொண்டுவரும் முதல் முறைப்பாடே நாரிப்பிடிப்புதான். அந்த நோயாளிகளை வைத்துத் தொக்கணத்தை முறையாக ஆராய இந்தக் கரையைவிடப் பொருத்தமான இடம் ஏது?

சித்த, யூனானிப் பட்டதாரிகள் ஆங்கில மருந்து எழுத அனுமதி கொடுத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று சிலர் குறுக்குவழி சொல்கிறார்கள். டி.ஓ.க்கள் போன வழி அதுவல்ல. பரீட்சை முதலில் வந்தது, பேனா பிறகு. ஓர் அன்டிபயோட்டிக்கை எப்போது எழுதக் கூடாது என்பதை வாட்டில் நின்று பழகாதவருக்குச் சட்டம் அனுமதி கொடுத்தாலும், அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி.

நேரே டி.ஓ.வுக்கே போக நினைக்கும் பிள்ளைக்கும் சில விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அது உயர்தரம் முடித்தவுடன் சேரும் படிப்பு அல்ல: முதலில் ஒரு பட்டம், எம்கெட் என்ற நுழைவுப் பரீட்சை, நான்கு வருடக் கல்லூரி, அதன்பின் குறைந்தது மூன்று வருட ஆஸ்பத்திரிப் பயிற்சி. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்காத கல்லூரிகள் பல, செலவோ மலைக்கவைக்கும். கனடாவிலும் அமெரிக்காவிலும் வளரும் நம் உறவுக்காரப் பிள்ளைகளுக்கு அது நடைமுறைக்கு ஏற்ற வழி. பிரித்தானியாவில் அதே பெயர் வேறு தொழிலைக் குறிக்கிறது. அங்கே 1993ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவுசெய்த ஒஸ்டியோபத் கைச்சிகிச்சை நிபுணர். அந்தப் பதிவு மட்டும் அவரை டொக்டராக்காது, மருந்தெழுதும் உரிமையும் தராது. எனவே பணம் கட்டுமுன், அந்தப் பட்டத்தை எந்தச் சபை எந்த நாட்டில் பதியும், அந்தப் பதிவு எதைச் செய்ய அனுமதிக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். திருகோணமலைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ இங்கேயே விண்ணப்பிப்பவரும் அதையேதான் கேட்க வேண்டும். கூடவே, உள்ளகப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை கட்டில்களோடு என்பதையும்.