நீல ஃபைட்டர் ஜோடிக்கு நீலக் குஞ்சு மட்டும் ஏன் பிறப்பதில்லை?

கலர் மீன் கடைகளில் சின்னச் சின்ன பாட்டில்களில், ஒன்றுக்கு ஒன்று மீனாக அடுக்கி வைத்திருப்பார்களே, அதுதான் ஃபைட்டர். பெட்டா என்றும் சொல்வார்கள். திண்டுக்கல் போன்ற ஊர்களில் மொட்டை மாடித் தொட்டியில் இதைக் குஞ்சு எடுத்து விற்கலாம் என்று இறங்குபவர்கள் உண்டு. செலவு அதிகமில்லை, ஒரு ஜோடியே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆனால் 'ராயல் புளூ' ஜோடி வாங்கிக் குஞ்சு எடுத்தால் பாதிதான் நீலமாக வரும். உடனே, "கடைக்காரர் ஏமாத்திட்டார்" என்ற பேச்சு கிளம்பும். பெரும்பாலும் அவர் ஏமாற்றவில்லை. கணக்கே அப்படித்தான்.

அந்தி மந்தாரைக் கணக்கு

பிளஸ் டூ தாவரவியல் பாடத்தில் அந்தி மந்தாரை வரும். சிவப்புப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலந்தால் இளஞ்சிவப்புப் பூ கிடைக்கும். எந்த மரபணுவும் மற்றதை முழுசாக அடக்காததால் இடைப்பட்ட நிறம் வருகிறது. இதற்கு முழுமையற்ற ஓங்குதன்மை என்று பெயர்.

ஃபைட்டர் மீனின் நீலமும் இதே கதைதான். ஒரு பக்கம் சாம்பல் கலந்த 'ஸ்டீல் புளூ', இன்னொரு பக்கம் பச்சை கலந்த 'டர்க்காய்ஸ்'. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு மரபணு சேர்ந்தால் நடுவில் கிடைப்பதுதான் ராயல் புளூ. எனவே இரண்டு ராயல் புளூ சேர்ந்து 200 குஞ்சு பொரித்தால், ஏறத்தாழ 100 ராயல் புளூ, 50 ஸ்டீல், 50 டர்க்காய்ஸ் என்று பிரியும். எத்தனை தலைமுறை வளர்த்தாலும் இந்தப் பிரிவு மாறாது.

அப்படியானால் எல்லாமே நீலமாக வர என்ன வழி? ஸ்டீல் மீனையும் டர்க்காய்ஸ் மீனையும் ஜோடி சேர்க்க வேண்டும். பெற்றோர் இரண்டும் ராயல் புளூ இல்லை, ஆனால் குஞ்சுகள் அத்தனையும் ராயல் புளூ! இந்த மீனின் நிற மரபு பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 1934-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள்.

நீலச் சாயம் கிடையாது

இந்த மீனின் உடலில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறமிகள் உண்டு. நீல நிறமி இல்லை. தோலில் உள்ள சில செல்களில் நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் விதத்தில்தான் நீலமும் பச்சையும் தெரிகின்றன. நம் காட்டு வயல்களில் மேயும் மயிலின் கழுத்து மின்னுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். அதனால்தான் மீன் திரும்பும்போது நிறமும் மாறுவதுபோல் தோன்றுகிறது.

வாங்கிய நிறம் நிற்காத மீன்

'மார்பிள்' வகையில் சிக்கல் வேறு. இன்று வெள்ளையில் நீலத் திட்டுகளோடு இருக்கும் மீன், சில மாதங்களில் முழு நீலமாகிவிடலாம், அல்லது வெளுத்துப் போகலாம். மரபணுத் தொடரில் இடம் விட்டு இடம் தாவும் துண்டுகளே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. இந்தத் தாவும் மரபணுக்களை முதலில் கண்டறிந்தது மக்காச்சோளத்தில். அதற்காக பார்பரா மெக்கிளின்டாக் 1983-ல் நோபல் பரிசு பெற்றார்.

நிறம் மங்கினாலே மரபணு என்று நினைத்துவிடவும் கூடாது. அழுக்குத் தண்ணீர், குளிர், பயம் இவற்றாலும் மீன் வெளுக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்காமல் தொட்டியில் ஊற்றுவதும் ஆபத்து.

அழகுக்கு மீன் கொடுக்கும் விலை

தாய்லாந்துப் பக்கத்து நீர்நிலைகளில் வாழும் காட்டு ஃபைட்டர் பார்க்கச் சாதாரண மீன். மனிதர்கள் இதை வளர்க்கத் தொடங்கி குறைந்தது 1,000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று 2022-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. முதலில் சண்டைக்காக வளர்த்தார்கள், பிறகு நிறத்துக்கும் துடுப்புக்கும் என்று பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்தார்கள். அதில் சில வினையாகவும் முடிந்தன. தடித்த வெள்ளிச் செதில் கொண்ட 'டிராகன்' வகையில் செதில் வளர்ந்து கண்ணை மூடி, மீன் குருடாகிவிடுவதுண்டு. மிகப் பெரிய துடுப்புள்ளவை அதை இழுத்துக்கொண்டு நீந்தவே திணறும்.

ஆகவே குஞ்சு எடுக்க ஜோடி வாங்கும்போது, பாட்டிலில் உள்ள மீனின் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். "இதோட அப்பா அம்மா என்ன கலர்? கூடப் பிறந்ததெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். முடிந்தால் கூடப் பிறந்த மீன்களையும் பாருங்கள். கண் தெளிவாக இருக்கிறதா, நன்றாக நீந்துகிறதா என்றும் கவனியுங்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன் இந்த ஐந்து நிமிடம் செலவழித்தால், மூன்று மாதம் தீவனம் போட்டு வளர்த்த பிறகு தொட்டியைப் பார்த்து முழிக்க வேண்டியிருக்காது.