கடன் என்று பெயரிட்டால் வரி போகுமா?

சுங்கைப் பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் குத்தகை வேலை எடுப்போர் பலர். "வரியே வராமல் செய்து தருகிறேன்" என்பாரை அவர்கள் நம்பலாமா?

பிரிட்டனில் குத்தகைத் தொழிலாளர் பலர், ஊதியத்தையே திருப்பிக் கட்டாத 'கடனாக'ப் பெற்றனர். இத்தகைய ஒரு வழக்கில், அறக்கட்டளை வழியாகச் சென்ற பணமும் ஊதியமே என்று 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் நிலுவைக் கடன்களின்மீது வரி விழுந்தது. பலருக்குப் பல ஆண்டு வரி ஒரே தவணையில் வந்தது.

நம் நாட்டிலோ, 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 140ஆம் பிரிவு, வரி தவிர்க்கச் செய்த ஏற்பாட்டைப் புறக்கணித்து வரி விதிக்க இடந்தருகிறது. மோசடிக்கும் கவனக்குறைவுக்கும் காலவரம்பில்லை என்கிறது 91ஆம் பிரிவு.

ஆகவே, ரசீதுகளை ஏழாண்டு காப்போம். திட்டம் சொன்னவர் யாராயினும், படிவத்தில் ஒப்பமிட்ட நாமே பொறுப்பு.