பழைய ஓடு கூறும் பாற்கதை

எலும்பும் கல்லும் மண்ணினுள் நெடுங்காலம் நிலைத்திருக்கும். கறந்த பாலோ ஓரிரு நாளிற் கெட்டுவிடும். ஆதலின், பண்டை மக்கள் மாடு வளர்த்தமையை எலும்புகளால் அறிந்த தொல்பொருள் ஆராய்ச்சியாளர், அவர்கள் அதன் பாலையும் பயன்படுத்தினரா என்பதை உறுதியாகக் கூற இயலாதிருந்தனர். இவ்வையத்தைத் தீர்க்கத் துணைசெய்தது சேதன இரசாயனம்.

போலந்து நாட்டின் குயாவியாப் பகுதியில், ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் உழவர் வாழ்ந்த இடங்களில், சிறு துளைகள் பலவுடைய மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. திரைந்த பாலிலிருந்து நீரை வடித்துப் பாற்கட்டி செய்ய இவை பயன்பட்டன என்று பீற்றர் பொகுக்கி என்னும் அமெரிக்க அறிஞர் 1980களிற் கருத்துரைத்தார். கருத்துப் பொருத்தமானதே, ஆனால் தேனையோ இறைச்சிச் சாற்றையோ வடிக்கவும் இவை உதவியிருக்கலாமன்றோ?

மெருகிடாத மட்பாண்டத்தின் நுண்டுளைகளிற் கொழுப்பு ஊறி உறையும். அது நீரிற் கரையாதாதலின் பல்லாயிரம் ஆண்டுகள் எஞ்சுதல் கூடும். ஓட்டின் மேற்பரப்பைச் சுரண்டி நீக்கியபின், சிறு துண்டொன்றைப் பொடியாக்கிக் கரைப்பானில் இட்டு அக்கொழுப்பைப் பிரித்தெடுப்பர். பாற்கொழுப்பிலும் உடற்கொழுப்பிலும் பொதுவான கொழுப்பமிலங்கள் உள்ளன. எனினும், பசு தன் உடற்கொழுப்பிற் சிலவற்றைத் தானே ஆக்குகிறது. பாலில் அவற்றைத் தீனியிலிருந்து பெற்றுச் சேர்க்கிறது. இதனால் அவற்றிலுள்ள காபன்-13 என்னும் பாரமான காபனின் அளவு சிறிது வேறுபடும். இவ்வேற்றுமையைக் கொண்டு பழைய ஓடுகளிற் பாலை இனங்காணலாம் என்பதை, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து றிச்சட் எவர்செட்டும் அவர்தம் குழுவினரும் 1998இல் வெளியிட்டனர்.

அதே பல்கலைக்கழகத்து மெலனி சால்க் முதலியோர் குயாவியா ஓடுகளை ஆராய்ந்து, 2012இல் முடிபினை வெளியிட்டனர். துளையுள்ள ஓடுகளிற் காணப்பட்டது பாற்கொழுப்பே. துளையில்லாச் சமையற் பாண்டங்களிலோ இறைச்சிக் கொழுப்பே இருந்தது. பொகுக்கியின் ஊகம் உறுதியாயிற்று.

இதன் பயன் பெரிது. அக்காலத்து ஐரோப்பிய உழவருட் பெரும்பாலார்க்கு, வளர்ந்தபின் பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் இருக்கவில்லை என்பதைப் பழைய எலும்புகளின் மரபணு ஆராய்ச்சி காட்டியுள்ளது. பாற்கட்டி செய்கையில் அச்சர்க்கரையின் பெரும்பகுதி வடிநீருடன் நீங்கிவிடும். குடித்தால் வயிற்றுக்கு ஒவ்வாத பாலை, உண்ணத்தக்க உணவாகவும் சேமிக்கத்தக்க பொருளாகவும் மாற்றும் வழியை அம்மக்கள் கண்டிருந்தனர். எழுத்தறியாத அவ்வுழவரின் அறிவுக்கு, அவர்கள் கழித்தெறிந்த ஓடே இன்று சான்றாயிற்று.