சினையும் போலியும்

தேக்காச் சந்தையை ஒட்டிய பஃபலோ சாலையில் இன்று எருமைகள் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ரோச்சோர் ஆற்றின் நீரையும் கரைப்புல்லையும் நம்பி இவ்வட்டாரத்தில் மாட்டு வணிகம் செழித்தது. 'கண்டாங் கெர்பாவ்' என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைக் கொட்டில் என்பதே பொருள். அப்பெயர் பின்னர் மகப்பேற்று மருத்துவமனை ஒன்றுக்கு அமைந்தது. 1966இல் உலகிலேயே மிகுதியான பிரசவங்கள் நிகழ்ந்த மருத்துவமனை என்னும் சாதனையும் அதற்கு வாய்த்தது. ஊர்ப்பெயர் இவ்வாறு இடம் மாறுவதால் கேடில்லை. அறிவியற்சொல் இடம் மாறும்போது பொருள் பிறழக்கூடும். 'தாவர ஈஸ்ட்ரோஜன்' என்பது அத்தகைய சொல்.

ஈஸ்ட்ரோஜன் என்பதன் வேர், மாட்டைக் கடித்து வெறிகொண்டு ஓடச் செய்யும் ஈயைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நம் உழவர் 'பருவத்திற்கு வருதல்' என்று அமைதியாகச் சொல்வதையே அது குறிக்கிறது. பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்திற்கு வரும். அந்தச் சுழற்சியை நடத்தும் இயக்குநீர்களுள் ஒன்று ஈஸ்ட்ரோஜன்.

செடியில் அந்த இயக்குநீர் சுரப்பதாகக் கொள்ளுதல் பிழை. சோயா, கிளோவர், குதிரைமசால் முதலிய பயற்றினச் செடிகளில் வடிவால் அதனை ஒத்த சேர்மங்கள் உள்ளன. ஈஸ்ட்ரோஜன் பொருந்த வேண்டிய ஏற்பிகளில் அவை சென்று அமர்கின்றன. இலக்கணத்தில் 'அறம்' என்பது 'அறன்' எனப் போலியாக வரும்போது பொருள் மாறுவதில்லை. இங்கோ போலி அமர்ந்ததும் செய்தி மாறிவிடுகிறது. கருமுட்டை வெளிவரும் காலம் தவறலாம். சினைப்பையில் நீர்க்கட்டி தோன்றலாம். சினையுறாத கிடாரிக்கு மடி பருக்கலாம்.

1946இல் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர் இதனை முதலில் செம்மறியாடுகளில் விளக்கினர். ஒருவகைக் கிளோவர் மேய்ந்த மந்தைகளில் குட்டி ஈனுதல் கடுமையாகக் குறைந்திருந்தது. வியப்பு யாதெனில், அக்கிளோவரில் மிகுந்திருக்கும் சேர்மத்திற்கு வீரியம் குறைவு. அசையூண் இரைப்பையின் நுண்ணுயிர்களே அதனை ஈக்குவால் என்னும் வலிய பொருளாக மாற்றுகின்றன. செம்மறியில் பாதிப்பு நிலைத்துவிடுவதுண்டு. மாடு அவ்வளவு எளிதில் பாதிக்கப்படுவதில்லை. தீவனத்தை மாற்றினால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

தமிழ்நாட்டில் குதிரைமசால் புரதம் மிகுந்த நல்ல பசுந்தீவனம். பெயரைக் கேட்டே அதனை விலக்குவது அறியாமை என்பதே நம் கருத்து. மாடு சினை நிற்காமைக்குத் தாது உப்புக் குறைவு, பருவத்தைக் கவனியாமை, கருவூட்டல் நேரம் தவறுதல் எனக் காரணங்கள் பல. எனினும் இலைப்புள்ளிப் பூஞ்சை தாக்கிய குதிரைமசாலில் கூமெஸ்ட்ரால் என்னும் போலிச் சேர்மம் பெருகும். சினை நிற்கவில்லை என்று வருபவரிடம் தீவனத்தில் அதன் பங்கு எவ்வளவு, இலையில் புள்ளி விழுந்திருந்ததா என்றும் கேட்டறிதல் வேண்டும்.

'சினை' என்பது தமிழில் மரத்தின் கிளைக்கும் பெயர், மாட்டின் கருவுக்கும் பெயர். வகுப்பில் இப்பாடத்தை அச்சொல்லிலிருந்தே தொடங்கலாம்.