ஒருமை பன்மை மயக்கம்

பட்டிப்பொல, இலங்கையின் புகைவண்டி நிலையங்களுள் மிக உயர்ந்தது. கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 6,200 அடி மேலே நிற்பது. சென்ற ஆண்டு ஒரு மாலை, அம்மேடையில் நின்றபோது, கைகாட்டியின் ஒரே விளக்கு அருகருகே இரண்டாகத் தோன்றிற்று. மூடுபனியின் விளையாட்டென்று எண்ணினேன். கையிலிருந்த நூலின் எழுத்துகள் ஒன்றாகவே தெரிந்தமையால் ஐயம் எழவில்லை. மாணாக்கரின் ஒருமை பன்மை மயக்கத்தை 30 ஆண்டுகள் திருத்திய யான், என் கண்ணின் மயக்கத்தைப் பத்து நாள் வாளா விட்டிருந்தேன். அது பெரும்பிழை.

"ஒரு கண்ணைப் பொத்திப் பாருங்கள், ஐயா" என்றார் வைத்தியர். எக்கண்ணைப் பொத்தினும் இரண்டு ஒன்றாயிற்று. ஒற்றைக் கண்ணிலும் இரட்டை நீடிப்பின் குறை பெரும்பாலும் விழியினுள். பொத்தியதும் மறையின் இரு விழிகளின் இசைவிலே என்று விளக்கினார். பின்னர், தலையை அசையாது தம் விரலைத் தொடரச் சொல்லி, இடமும் வலமும் மேலும் கீழும் நகர்த்தினார். வலப்புறம் செல்லச் செல்ல இரட்டை விலகிற்று. வலவிழி முற்றும் புறத்தே திரும்பவில்லை.

ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் இயக்குகின்றன. அவற்றை மூளையிலிருந்து வரும் மூன்று நரம்புகள் ஏவுகின்றன. மூளை நரம்புகளுள் ஆறாவது, விழியைப் புறத்தே திருப்புவது. அது தளர்ந்தால் தொலைப்பொருளே மிகுதியும் இரட்டிக்கும். நான்காவது தளர்ந்தவர்க்கு, மலைப்படி இறங்குகையில் படிகள் மேலும் கீழுமாய் இரட்டிக்கும். தலையைச் சாய்த்தே பலர் அதனைச் சமாளிப்பர். மூன்றாவது கெட்டால் இமை தொங்கும். அதனுடன் கடுந்தலைவலியும் விரிந்த பாவையும் சேரின், மூளையின் குருதிக்குழாய் புடைத்திருத்தல் கூடும். ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. காலையில் நன்றாயிருந்து, மாலைக் கொழுந்து நிறுக்கும் வேளையில் இமை தாழ்ந்து இரட்டை தோன்றின், நரம்பின் ஏவல் தசையைச் சேராத நோயொன்று காரணமாகலாம்.

எனக்கு ஆறாம் நரம்பு தளர்ந்திருந்தது. குருதியைச் சோதித்தபோது நீரிழிவு வெளிப்பட்டது. மூன்று திங்களில் விளக்கு மீண்டும் ஒன்றாயிற்று.

ஆசிரிய அன்பர்களே, வகுப்பில் ஒரு பிள்ளை எப்போதும் தலையைச் சாய்த்தே கரும்பலகையை நோக்கின், "நேராக இரு" என்று அதட்டுமுன் காரணம் கேளுங்கள். கண்ணையும் சோதிக்கச் செய்யுங்கள். லயத்துச் சிறுமி ஒருத்தியை யானும் அவ்வாறு அதட்டியதுண்டு. நேராக இருந்தபோது அவளுக்கு என்ன தெரிந்தது என்று யான் கேட்டதேயில்லை.