10 நாள்ல வீடு ரெடி... குற்றாலச் சாரலுக்குத் தாங்குமா?

'10 நாள்ல வீடு ரெடி!' - இப்படி ஒரு ரீல்ஸ் உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். லாரியில ஒரு பெட்டி வரும், கிரேன் தூக்கி வைக்கும், அடுத்த காட்சியில ஒருத்தர் பால்கனியில உட்கார்ந்து காபி குடிப்பார். தென்காசியில் அப்பா வாங்கிப்போட்ட மூணு சென்ட், சென்னையில் வேலை, கொத்தனார் பின்னாடி அலைய நேரமில்லை என்கிற நிலைமையில் இருப்பவர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க.

மாடுலர் வீடு என்று விற்கப்படுவதில் முக்கியமா ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு பெட்டி. கன்டெய்னர் மாதிரி முழு அறையாகவே வந்து இறங்கும். இன்னொண்ணு பலகை. சுவர், தரை, தூண் எல்லாம் வேறெங்கோ தயாராகி, மனையில் வந்து ஒண்ணோட ஒண்ணு சேரும்.

பலகை வகைக்கு நம்ம ஊர் உதாரணம் சென்னை பெரும்பாக்கம். மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில் 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2022 மே 26-ல் 1,152 வீடுகள் திறக்கப்பட்டன. பாகங்களைத் தனியாக வார்த்து, கிரேனில் தூக்கி, இடத்தில் பொருத்தினார்கள். நெருக்கடியான நகரத்தில் ஒரே அளவு வீடு ஆயிரக்கணக்கில் தேவைப்படும்போது இந்த முறை நல்லாவே வேலை செய்யும். அதே அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், மரப்பலகை அடித்துப் பிரிக்கிற வேலை குறையும், மனையில் சேரும் கட்டடக் குப்பையும் குறையும்.

சுற்றுச்சூழலுக்கும் லாபம் இருக்கு. உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்ஸைடில் சுமார் 8 சதவிகிதம் சிமென்ட்டில் இருந்து வருகிறது. அதனால் சிமென்ட்டைக் குறைக்கிற எந்த வழியும் கவனிக்க வேண்டியதுதான். உரத் தொழிற்சாலையில் மலைமலையாகக் குவிகிற ஜிப்சம் கழிவையும் கண்ணாடி இழையையும் சேர்த்துச் செய்த பலகைகளால், சென்னை ஐ.ஐ.டி வளாகத்தில் 2013-லேயே நாலு வீடுகள் கொண்ட ஒரு மாடிக் கட்டடம் எழுப்பிக் காட்டிவிட்டார்கள்.

அப்புறம் என்ன பிரச்னை? ஜாயின்ட்!

மாடுலர் வீட்டின் பலம் பலகையில் மட்டும் இல்லை, ரெண்டு பலகை சேருகிற இடத்திலும் இருக்கு. லண்டனில் ரோனன் பாயின்ட் என்று 22 மாடிக் கட்டடம். 1968 மே மாதம், ஆட்கள் குடிவந்து ரெண்டே மாதத்தில், 18-வது மாடியில் கேஸ் வெடித்தது. ஒரு மூலை முழுக்கச் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்து நாலு பேர் இறந்தார்கள். பின்னாளில் கட்டடத்தைப் பிரித்தபோது, சில ஜாயின்ட்டுகளில் கலவைக்குப் பதில் பழைய நியூஸ் பேப்பரைத் திணித்திருந்தது தெரிந்தது. (ஆமாங்க, பேப்பர்!)

இப்போது விதிகள் ரொம்பவே கடுமையாகிவிட்டன. ஆனால், நம்ம ஊருக்கு வேறொரு சோதனை இருக்கு, சாரல்! ஜூன் பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாகப் பாய்கிற மேற்குக் காற்று, சுரண்டை பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, தென்காசியிலும் குற்றாலத்திலும் மழைத்துளியை நேராக விழ விடாது. படுக்கைவாட்டில் கொண்டுவந்து சுவரில் அடிக்கும். மேலிருந்து விழும் மழைக்கு யோசித்துச் செய்த ஜாயின்ட், பக்கவாட்டில் வாரக்கணக்கில் அடிக்கிற ஈரத்துக்குத் தாங்கணும். வெளிப்பக்கம் பூசுகிற ரப்பர் மாதிரியான சீலன்ட்டின் ஆயுள் சுவரின் ஆயுளைவிடக் குறைவு. அதை மறுபடி பூச யார் வருவாங்க?

கன்டெய்னர் வீடு என்றால் இன்னும் ஜாக்கிரதை. 20 அடிப் பெட்டியின் வெளி அகலமே 8 அடிதான். உள்பக்கம் வெப்பத்தடுப்பு ஒட்டினால் கட்டிலைப் போட்டுவிட்டு ஒருக்களித்துத்தான் நடக்கணும். பெட்டியின் பலம் நாலு மூலைத் தூண்களிலும் மடிப்பு மடிப்பான சுவரிலும் இருக்கு. பெரிய ஜன்னலுக்காகச் சுவரை வெட்டினால், அந்த இடத்தில் கூடுதல் சட்டம் கொடுத்தாகணும். எல்லாத்தையும்விட, பெட்டிக்கு இறவாரம் கிடையாது. நம்ம பழைய ஓட்டு வீடுகளில் கூரை சுவரைத் தாண்டி இறங்கியிருப்பது சும்மா அழகுக்கா? சாரல் சுவரில் படாமல் இருக்கத்தான். எனவே, கன்டெய்னர்தான் வேணும் என்றால், அதுக்கு மேல் அகலமான இறவாரத்தோடு ஒரு சாய்வுக் கூரை போடுங்க. நடுவில் இருக்கும் இடைவெளி மார்ச், ஏப்ரல் வெயிலுக்கும் உதவும்.

'பிடிக்கலைன்னா கழற்றி மாத்திக்கலாம் சார்' என்றும் விற்பனையாளர் சொல்வார். டோக்கியோவில் 1972-ல் கட்டிய நககின் கேப்சூல் டவரிலும் அதைத்தான் சொன்னார்கள். 140 பெட்டிகள், 25 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாம் என்பது திட்டம். ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை. கீழே இருப்பதை எடுக்கணும்னா மேலே இருப்பதையும் எடுக்க வேண்டியிருந்தது. கூடவே செலவு, உரிமையாளர்களுக்குள் ஒத்துப்போகாதது. 2022-ல் மொத்தமாகப் பிரித்துவிட்டார்கள்.

நிஜமாகவே கழற்றி மாட்டிய வீட்டைப் பார்க்கணும்னா, சென்னை முட்டுக்காட்டில் இருக்கும் தக்ஷிணசித்ராவுக்குப் போங்க. கேரளத்தின் பழைய மர வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். மரத்தோடு மரம் கோக்கிற வேலை என்பதால் அது முடிந்தது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த செங்கோட்டைக்கு இந்த மர வேலை அந்நியமில்லை. என்னைக் கேட்டால், ரீல்ஸ் பெட்டியைவிட அதுதான் அசல் மாடுலர்!

இன்னொரு விஷயம், உங்க மனை எங்கே இருக்கு? சுவரோடு சுவர் ஒட்டி நிற்கிற பழைய தெரு வீட்டு வரிசை என்றால், முதலில் கிரேனும் நீள லாரியும் உள்ளே திரும்புமா என்று பாருங்க. திரும்பாது என்றால் ரெண்டு பேர் கையில் தூக்கக்கூடிய சின்னப் பலகை, மெல்லிய ஸ்டீல் சட்டம் வகைதான் சரிப்படும். சென்னையில் செய்த கனமான கான்கிரீட் பலகையை 600 கிலோமீட்டர் இழுத்து வந்தால், அதில் மிச்சமான கார்பனில் ஒரு பங்கு டீசலிலேயே போய்விடும்.

'இது நகர்த்தக்கூடிய வீடு, பிளான் அப்ரூவல் வேண்டாம்' என்று சொன்னால் அப்படியே நம்பாதீங்க. பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ நேரில் கேளுங்க. குற்றாலத்தைச் சுற்றி மலையடிவாரத்தில் நிலம் என்றால், அந்தக் கிராமம் 'ஹாக்கா' எனப்படும் மலையிடப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருகிறதா என்பதையும் பார்த்துடுங்க. லோன் வேணும்னா, இந்த வகைக் கட்டுமானத்துக்குக் கொடுப்பீங்களா என்று பேங்க்கில் எழுத்துபூர்வமாக வாங்கிக்கோங்க. கடைசியா, அதே கம்பெனி கட்டி மூணு மழைக்காலம் பார்த்த வீடு ஒண்ணைக் காட்டச் சொல்லுங்க. முடிஞ்சா ஜூலையில் போங்க. போனதும் மேற்குப் பக்கச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே கையை வெச்சுப் பாருங்க.